டிராகன் என்றதும் ஏன் பாதிப் பேர் குதிக்கிறார்கள், பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள்?

வரப்போகும் ஒரு கற்பனை உலக ஆர்பிஜியின் (ஒரு பாத்திரமாகி அதை நம் விருப்பப்படி வளர்த்து ஆடும் கேம்) டிரெய்லரில் டிராகன்களைக் காட்டியதிலிருந்து கேமர்கள் இரண்டு அணியாக நிற்கிறார்கள், ஒரு அணி குதிக்கிறது, இன்னொரு அணி "மறுபடியும் டிராகனா" என்கிறது, இதில் யார் பக்கம் நியாயம், இதை நம்பி முன்பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டாவது முறை படித்தபோது நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று தோன்றியது. டிரெய்லரில் புல்லரிக்க வைக்கிற டிராகன், கையில் கன்ட்ரோலரைப் பிடித்து விளையாடும்போது ஏன் பல நேரம் சப்பென்று போய்விடுகிறது? இதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். பன்னிரண்டு வருடமாக கேம்களில் மிருகங்களுக்கு அனிமேஷனும் சண்டை வடிவமைப்பும் செய்கிறேன். அதில் இரண்டு முறை டிராகனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நீங்கள் சொல்லும் கேம் நன்றாக வருமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. டிராகனைச் செய்யும்போது எங்கெங்கே இடிக்கும் என்பதை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் அந்த இரண்டு அணி விஷயம். குதிக்கிறவர் முதல் டிராகனை நினைத்துக் குதிக்கிறார். கொட்டாவி விடுகிறவர் இருபதாவது டிராகனை நினைத்துக் கொட்டாவி விடுகிறார். பெரும்பாலும் இரண்டுமே ஒரே ஆளுக்கு, ஒரே கேமில் நடந்தவைதான். ஸ்கைரிம் என்ற ஆர்பிஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 நவம்பர் 11 அன்று வந்தது. வைட்ரன் நகருக்கு வெளியே மேற்குக் காவல் கோபுரத்தில் மிர்முல்னிர் என்ற டிராகன் வட்டமடித்து வந்து இறங்கும். அதைக் கொன்றதும் உடல் எரிந்து எலும்புக்கூடாகி, அதன் ஆன்மா ஒளியாகச் சுழன்று நம் பாத்திரத்துக்குள் புகும். சுற்றி நிற்கும் காவலர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். விளையாடிய யாரைக் கேட்டாலும் அந்த இடம் ஞாபகம் இருக்கும்.

அப்புறம் என்ன ஆகிறது? அந்தப் பணி முடிந்தபின் டிராகன்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மூலிகை பறித்துக்கொண்டிருப்போம், தலைக்கு மேல் ஒரு உறுமல். வாளை உருவிக்கொண்டு, எப்போதடா இறங்கும் என்று அண்ணாந்து பார்த்தபடி நிற்போம். இறங்கியதும் வெட்டுவோம், எலும்பும் செதிலும் எடுப்போம். ஒரு டிராகன் எலும்பின் எடை 15, ஒரு செதிலின் எடை 10. ஆரம்பத்தில் நாம் சுமக்கக்கூடிய மொத்த எடையே 300. நாலைந்து டிராகனுக்குப் பிறகு பை நிறைந்து ஓட முடியாமல், எலும்பைத் தரையில் போட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். உலகத்தை அழிக்க வந்த பிராணியின் எலும்பு வீட்டில் இடத்தை அடைக்கும் பழைய சாமான் மாதிரி ஆகிவிட்டது. மறுபடி ஆடும்போது சிலர் வேண்டுமென்றே அந்தக் கோபுரத்துப் பணியைத் தொடுவதே இல்லை. அதை முடிக்காதவரை டிராகன்கள் தாமாக வந்து தாக்காது என்று அவர்களுக்குத் தெரியும். டிராகனைக் காட்டி விற்ற கேமில் டிராகன் வராமலிருக்க வழி தேடுகிறார்கள்! இதை அந்த கேமின் மீதான வசையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே அதில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறேன் என்பதை இங்கே எழுதினால் வீட்டில் பிரச்சினை வரும்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? கொஞ்சம் தொழில் விஷயம் பேச வேண்டும். டிராகனின் அழகும் அதன் இறக்கைதான், தலைவலியும் அதன் இறக்கைதான். ஆர்பிஜியில் ஆட்டக்காரர் வாள் எடுக்கலாம், வில் எடுக்கலாம், மந்திரம் படிக்கலாம். எந்த வழியில் வளர்ந்தாலும் ஆட்டம் நடக்க வேண்டும் என்பதுதான் அந்த வகை கேமின் ஒப்பந்தம். டிராகன் பறந்தவுடனே அந்த ஒப்பந்தம் முறிகிறது. வில்லாளிக்குக் கொண்டாட்டம். கோடாலி வைத்திருப்பவர் என்ன செய்வார்? நாங்கள் முதலில் செய்த டிராகனை அலுவலகத்தில் எல்லோரும் ஆடிப் பார்த்தபோது சண்டையின் பாதிக்கு மேல் அது வானத்திலேயே இருந்தது. பார்க்கப் பிரமாதம். வாள்வீரனை எடுத்து ஆடிய ஒரு சோதனையாளர் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்க ஆரம்பித்துவிட்டார். அது இறங்கும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

இதற்கு ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு வைத்தியம் செய்திருக்கிறது. ஸ்கைரிமில் கதையின் நடுவில் டிராகன்ரெண்ட் என்ற முழக்கம் கிடைக்கும். அதைச் சொன்னால் பறக்கும் டிராகன் தரைக்கு வந்தே ஆக வேண்டும். 2012-ல் வந்த டிராகன்ஸ் டாக்மாவில் பெரிய மிருகத்தின் காலைப் பிடித்து ஏறி முதுகில் தொங்கியபடி குத்தலாம். பிடி நழுவாமல் இருக்கத் தெம்பு இருக்கும்வரை அதுவும் நம்மைத் தூக்கிக்கொண்டே திரியும். என்னைக் கேட்டால் வாள்வீரனுக்கு மரியாதை கொடுத்த வைத்தியம் இதுதான். பால்டர்ஸ் கேட் 3 மாதிரி முறை வைத்து ஆடும் கேம்களில் இந்தச் சிக்கல் பாதியாகக் குறைந்துவிடும், ஏனென்றால் டிராகன் தன் முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதில் நகரத்துக்கு அடியில் இருக்கும் அன்சுர் என்ற டிராகன், மின்னலைத் திரட்டி ஒரு பெரிய தாக்குதலுக்குத் தயாராகும். நமக்குக் கிடைக்கும் அந்த ஒரு முறைக்குள் எல்லோரும் பாறைக்குப் பின்னால் ஒளிய வேண்டும். பறப்பதில் கிடைக்கும் பயத்தை இங்கே நேரக் கணக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்.

கடைசியாக எளிய வைத்தியம் ஒன்று உண்டு, டிராகனைத் தரையிலேயே வைத்துக்கொள்வது. பெரும்பாலான கேம்கள் இதைத்தான் சத்தமில்லாமல் செய்கின்றன. டிரெய்லரில் மேகத்தைக் கிழித்து வருவது, ஆட்டத்தில் பெரிய பல்லி மாதிரி தரையில் உட்கார்ந்து அடி வாங்கும். உங்கள் கேமின் டிரெய்லரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களில் பலர் இந்த ஏமாற்றத்தை ஏற்கெனவே ஒரு முறை பட்டவர்கள்.

இறங்கினாலும் தொல்லை தீராது. இறங்க இடம் வேண்டுமே! ஒரு வீட்டளவு உடம்பு, அதைவிட அகலமான இறக்கை. மரங்களுக்கு நடுவே இறங்கினால் இறக்கை மரத்துக்குள் புகுந்து வெளியே வரும், சரிவில் இறங்கினால் ஒரு கால் மண்ணுக்குள், ஒரு கால் காற்றில். அதனால்தான் முன்கூட்டியே இறங்குமிடங்களைக் குறித்து வைத்துவிடுவோம். கூரையில் வந்து கம்பீரமாக அமரும் டிராகனைப் பார்த்தால் அந்த இடத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து குறித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் டிராகன் வரும் என்று ஒரு கேம் சொல்லும்போது என் வயிறு கலங்குவது இதனால்தான். சுதந்திரம் கூடக் கூட அசிங்கமான விபத்துகளும் கூடும். ஸ்கைரிம் வந்த அதே மாதத்தில் பிழைகளைத் திருத்த 1.2 என்ற பேட்ச் வந்தது, சில டிராகன்கள் பின்பக்கமாகப் பறக்கத் தொடங்கின. சிரித்தோம், ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் கொஞ்சம் பயந்துகொண்டேதான் சிரித்தோம்.

கேமரா இன்னொரு வில்லன். இதைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் சண்டை பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்லும்போது பாதி நேரம் காரணம் இதுதான். மூன்றாம் நபர் கோணத்தில் கேமரா நம் தோளுக்குப் பின்னால் இருக்கும். கேமராவை டிராகனின் தலைமேல் பூட்டினால் அது வானத்தைப் பார்க்கும், நம் காலடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பூட்டாமல் கிட்டே போனால் திரை முழுக்க ஒரு கால், நாலு நகம். இவ்வளவு பெரிய பிராணிக்கு எதிரே நின்று அதற்கு நகம் வெட்டிவிடும் வேலைதான் நமக்கு. பேராபத்து என்ற உணர்வு வர முகம் தெரிய வேண்டும். அதனால் தலையைத் தாழ்த்திக் கடிக்க வருவது, பக்கவாட்டில் தலையைத் திருப்பி முறைப்பது என்று அசைவுகளை நாங்கள் வலிந்து சேர்ப்போம். டிராகன் சண்டையில் அது ஏன் அடிக்கடி தலையைத் தரைக்குக் கொண்டுவந்து வசதியாக நீட்டுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உங்கள் கேமராவுக்காகத்தான்.

அப்புறம் எடை. ஒரு விலங்கின் நீளம் இரட்டிப்பானால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும், ஆனால் எடை எட்டு மடங்காகும். அதனால் பெரிய உடம்பு பறப்பது இயற்கையில் சீக்கிரமே கட்டுப்படியாகாமல் போகிறது. அழிந்துபோன கெட்சல்கோவாட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனவின் இறக்கை விரிப்பு சுமார் 10 மீட்டர், பறந்த உயிரினங்களில் மிகப் பெரியவற்றில் அது ஒன்று. கேம் டிராகன்கள் அதைப் பக்கத்தில் நிறுத்தினால் குஞ்சு மாதிரி காட்டும் அளவுக்குப் பெரியவை. இயற்பியல் கணக்கில் அவை பறக்கவே முடியாது, அது பரவாயில்லை, கற்பனைதானே. ஆனால் நம் கண் விடாது. ஆட்டக்காரருக்கு இயற்பியல் தெரியாமல் இருக்கலாம், ஆனால் கழுகும் கொக்கும் பறப்பதைப் பார்த்திருக்கிறார். பெரிய பறவை மெதுவாக அடிக்கும், அதிகம் மிதக்கும், திரும்ப நேரம் எடுக்கும். தேன்சிட்டு மாதிரி ஒரே இடத்தில் படபடத்து நிற்காது. கேமில் டிராகன் ஒரே இடத்தில் நின்று நெருப்பு ஊத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆட்டக்காரருக்குக் குறிபார்க்க அவகாசம் வேண்டும். அந்த நொடியில் அது கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொம்மையாகிவிடும். டிரெய்லரில் இது தெரியாது, ஏனென்றால் டிரெய்லரில் டிராகன் எங்கும் இரண்டு நொடிக்கு மேல் நிற்பதில்லை.

இதுவரை சொன்னவை கைத்திறன் சார்ந்தவை. ஆளும் நேரமும் இருந்தால் சரிசெய்துவிடலாம். நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு. இரண்டாவது முறை டிராகன் செய்தபோது, ஒரு சிற்றூரை அது தாக்குகிற காட்சியைச் சோதனைக்கு விட்டோம். வேலிப் பக்கம் நிழல் ஓடும், நாய் குரைக்கும், கூரை மேல் டிராகன் வந்து உட்காரும். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது. ஆடிய பெண் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார், பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார், லோடிங் திரை வந்தது, உள்ளே ஒரு பாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசினார், வெளியே வந்தார். டிராகனைக் காணோம். எங்கள் நிரல் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்க்காரர்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எரிந்த வீடு ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் எந்த வீடும் எரியும்படி நாங்கள் செய்யவே இல்லை. டிராகன் வந்துபோனதற்கு அந்த உலகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. இதைச் சரிசெய்யச் சில மாதங்கள் கேட்டோம், கிடைக்கவில்லை, கேம் அப்படியேதான் வெளியானது.

இருபதாவது டிராகன் அலுப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இது என் கருத்து, நிரூபித்துக் காட்ட முடியாது. கஷ்டமாக்கினால் பயம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். டிராகனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் ஹெல்த் பாரை நீட்டினால் சண்டை நீளும், அவ்வளவுதான். டிராகன் வந்துபோன பிறகு வேறு ஏதாவது மாறியிருந்தால்தான் அடுத்த முறை அதன் உறுமல் கேட்கும்போது கை நிற்கும். கடை மூடியிருக்க வேண்டும், பாலம் இடிந்திருக்க வேண்டும், நமக்குத் தெரிந்த கொல்லர் செத்திருக்க வேண்டும். ஸ்கைரிமில் இந்தக் கடைசி விஷயம் நடக்கும், தற்செயலாக. பெயருள்ள ஊர்க்காரர்கள் கையில் கிடைத்த சின்னக் கத்தியோடு டிராகன் மேல் பாய்ந்து உயிரை விடுவார்கள். பொருள் விற்க வேண்டிய வியாபாரி அதன்பின் கேமில் இல்லவே இல்லை. அதற்காக முன்பு சேமித்து வைத்த ஆட்டத்துக்குத் திரும்பிப் போனவர்கள் ஏராளம். எரிச்சலான விஷயம்தான், ஆனால் அந்த ஒரு முறை அவர்கள் டிராகனை மதித்தார்கள்.

எண்ணிக்கையைக் குறைப்பது இன்னொரு வழி. டிராகன் ஏஜ் இன்குவிசிஷன் 2014-ல் வந்தது. அதன் அடிப்படைக் கேமில் பெரிய டிராகன்கள் மொத்தம் 10. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு நிலப்பகுதி. ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே ஹின்டர்லாண்ட்ஸ் பகுதியில் தெரியாத்தனமாக ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால் மேலிருந்து நெருப்பு மழை பொழியும், துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓட வேண்டியதுதான். பத்துப் பதினைந்து மணி நேரம் கழித்து, லெவல் ஏறி, நல்ல கவசம் சேர்த்து, அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பிப் போவோம். நடுவில் கழிந்த அந்த நேரம்தான் அந்தச் சண்டைக்குச் சுவை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, டிராகனுக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும். 2022-ல் வந்த எல்டன் ரிங்கில் நேர் எதிரான வழியையும் பார்த்தோம். அகீல் ஏரியில் நெருப்பைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை நோக்கி அசட்டையாகப் போகும்போது மணியே அடிக்காமல் யானை தலையில் விழும். இதுவும் வேலை செய்தது, ஆனால் ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். இரண்டாவது முறை நாம் குதிரையில்தான் வருவோம்.

பேசுகிற டிராகன் பற்றியும் ஒரு வார்த்தை. 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் காலத்திலிருந்தே டிராகனுக்கு நிறத்தை வைத்துக் குணத்தைப் பிரித்தார்கள், புத்தியும் கொடுத்தார்கள். வெறும் மிருகம் என்றால் வேட்டை, புத்தியுள்ளது என்றால் எதிராளி. ஸ்கைரிமின் கதையில் ஓர் அருமையான யோசனை உண்டு. டிராகன்களுக்குச் சண்டையும் விவாதமும் ஒன்றேதான், நெருப்பு ஊதுவது அவற்றின் மொழியில் ஒரு சொல். ஆனால் வழியில் மறிக்கும் டிராகன்களில் பெரும்பாலானவை நம்மிடம் எதையும் பேசுவதில்லை. மலை உச்சியில் பார்தர்நாக்ஸ் என்ற முதிய டிராகன் மட்டும் நிதானமாகப் பேசும். பின்னால் அதைக் கொல்லச் சொல்லி ஒரு அம்மா வற்புறுத்துவார், அந்த வேண்டுகோள் மேல் ஆட்டக்காரர்களுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நூற்றுக்கணக்கான டிராகன்களைக் கண்ணிமைக்காமல் கொன்றவர்கள் ஒரே ஒரு டிராகனைக் கொல்ல மறுத்து, அதற்காகவே மோட் (கேமில் ரசிகர்களே செய்யும் மாற்றம்) செய்து போட்டுக்கொண்டார்கள். (பார்தர்நாக்ஸுக்குக் குரல் கொடுத்தவர் சார்ல்ஸ் மார்ட்டினே, 2023 வரை கேம்களில் மாரியோவின் குரலும் அவருடையதுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்தக் காட்சியைப் பழையபடி பார்க்க முடியவில்லை.)

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். டிரெய்லரை வைத்து டிராகன் எத்தனை முறை வரும், வந்துபோனால் உலகம் மாறுமா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. யாராவது டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இதைச் சொன்னால் நம்பாதீர்கள். டிராகனுக்கு இரண்டு காலா நான்கு காலா என்று நடக்கும் சண்டையையும் விட்டுவிடுங்கள், அதற்கும் ஆட்டத்தின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. வெட்டாத ஆட்டக் காட்சி வெளிவரும்போது சிலவற்றை மட்டும் கவனியுங்கள். டிராகன் வானத்தில் இருக்கும்போது வாள் வைத்திருக்கும் ஆள் என்ன செய்கிறார்? சும்மா சுற்றி ஓடுகிறார் என்றால் சந்தேகப்படுங்கள். கேமராவில் டிராகனின் முகம் எவ்வளவு நேரம் தெரிகிறது? தரையில் நடக்கும்போது பாதம் பதிந்து நிற்கிறதா, வழுக்குகிறதா? பக்கத்தில் ஊர்க்காரர்கள் இருந்தால் அவர்கள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நான் முதலில் பார்ப்பேன். பின்னணியில் ஒருவர் டிராகனைக் கண்டு கூடையைப் போட்டுவிட்டு ஓடினால், அந்த ஓட்டத்துக்கு யாரோ நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

முன்பதிவைப் பொறுத்தவரை, டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது. கேம் வந்து இரண்டு வாரம் கழித்து, இருபது மணி நேரம் ஆடியவர்கள் எழுதுவதைப் படியுங்கள். முதல் டிராகனைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், அதைத் தாண்டிப் போங்கள். ஆறாவது, ஏழாவது டிராகன் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று அவர்களைக் கேளுங்கள். "வேகப் பயணம் செய்து தப்பித்தேன்", அதாவது வரைபடத்தில் வேறோர் இடத்தைத் தொட்டு நொடியில் அங்கே தாவிவிட்டேன் என்று பதில் வந்தால் விலை குறையும்வரை காத்திருக்கலாம்.